சத்துமாவு மருந்தல்ல, தட்டில் சோறு குறையாமல் கல்லீரல் கொழுப்பு குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபேட்டி லிவர் இருப்பவர்கள் தினமும் இரவு படுக்கப்போகும் முன் ஒரு டம்ளர் முழுதானிய சத்துமாவுக் கஞ்சி குடித்துவந்தால் கல்லீரலில் உள்ள கொழுப்பு கரைந்துவிடும் என்று போன ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். நான் ஈரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமை காலையிலேயே அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். எந்தக் கடையில் எந்த மாவு வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், சாப்பாட்டில் எதைக் குறைக்கட்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கஞ்சி விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

முழுதானியம் நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. கம்பு, ராகி, சோளம், சாமை என்று எங்கள் கொங்குப் பக்கம் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அன்றாடம் சாப்பிட்டதுதான் எல்லாம். நார்ச்சத்து இருக்கிறது, வயிறு நிறைகிறது, மறுபடி பசி எடுக்க நேரமாகிறது, எல்லாம் சரி. ஆனால் அன்றைக்கு அந்தக் களியும் கூழும்தான் சாப்பாடு. இன்றைக்கு நீங்கள் சொல்வதோ, காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதற்கு மேல் ஒரு டம்ளர் கஞ்சி என்பது. கம்பாக இருந்தாலும் சரி, குதிரைவாலியாக இருந்தாலும் சரி, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மேற்கொண்டு உள்ளே போவது கூடுதல் மாவுச்சத்துதான். உடம்புக்குத் தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தைக் கல்லீரல் என்ன செய்கிறது தெரியுமா? கொழுப்பாக மாற்றுகிறது. அதாவது எந்த உறுப்பைக் காப்பாற்றக் குடிக்கச் சொல்கிறீர்களோ அதே உறுப்பின் மேல்தான் சுமையை ஏற்றுகிறீர்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கல்லீரலில் கொழுப்பு என்றதும் நம் ஆட்கள் முதலில் நிறுத்துவது நெய், எண்ணெய், முட்டை, தேங்காய். டாக்டரும் சீட்டில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார். பலகாரத்தைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் கல்லீரலில் சேரும் கொழுப்பில் பெரும்பங்கு தட்டில் இருக்கும் எண்ணெயிலிருந்து நேராக வருவதில்லை. 2005-ல் அமெரிக்காவில் 9 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் எந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். கல்லீரல் கொழுப்பில் 59 சதவீதம் உடம்பில் ஏற்கனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து ரத்தம் வழியாக வந்தது, 26 சதவீதம் மாவுச்சத்து, சர்க்கரை போன்றவற்றிலிருந்து கல்லீரலே தயாரித்தது, உணவில் இருந்த கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 சதவீதம் மட்டும். ஆக தொப்பையும், அரிசியும், சர்க்கரையும் பெரிய குற்றவாளிகள். முட்டையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இரண்டு இட்லி கூடுதலாக வைப்பவருக்கு ஸ்கேனில் எப்படி மாற்றம் தெரியும்?

அந்தப் பக்கத்தோடு வந்தவர்களில் பள்ளிபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு அண்ணனும் இருந்தார். கட்டுரைக்கு முன்பே அவர் மாவு குடிக்கத் தொடங்கிவிட்டார். பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்து, “ஏனுங் மேடம், இதுல சக்கரையே இல்லீங்க, நாட்டுச்சக்கரை மட்டும்தானுங்க” என்றார். டப்பாவின் முன்பக்கம் கம்புக் கதிர் படம், பச்சை நிறத்தில் ஒரு கல்லீரல் படம், 21 தானியங்கள் என்று பெரிய எழுத்து. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். கலந்திருக்கும் பொருட்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். அந்த வரிசையில் முதலில் கோதுமை, இரண்டாவது நாட்டுச்சர்க்கரை, மூன்றாவது அரிசி. கம்பும் வரகும் பாதாம் பருப்பும் எங்கோ கடைசிப் பக்கம். அப்புறம் வீட்டில் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டு அதே அளவு ஸ்பூனில் எடுக்கச் சொல்லி, எங்கள் தராசில் நிறுத்தினோம். குவியலாக மூன்று ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம். அதுவே 190 கலோரிக்குப் பக்கம். ஒரு டம்ளர் பால், மேலே இரண்டு ஸ்பூன் கருப்பட்டித் தூள் என்று கூட்டினால் 350-ஐத் தொடும். நாலைந்து இட்லிக்குச் சமம். இதை அவர் ராத்திரி தோசை சாப்பிட்டு முடித்துவிட்டு, கல்லீரலுக்கு மருந்து என்று குடித்துவந்திருக்கிறார். எடை கூடியிருந்தது. கூடாமல் எப்படி இருக்கும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, மருந்து என்று போட்டிருந்ததை மருந்து என்று நம்பினார், அவ்வளவுதான்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழ சிரப் இவையெல்லாம் வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்ற நம்பிக்கை ஆழமாக ஊறிவிட்டது. கல்லீரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், அதில் பாதி ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை, தேனில் ஐந்தில் இரண்டு பங்கு ஃபிரக்டோஸ். இந்த ஃபிரக்டோஸைப் பெருமளவு கையாள்வது கல்லீரல்தான், அதுதான் அங்கேயே கொழுப்பாகவும் மாறுகிறது. பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் அளவும் மீறாது, நாரும் சேர்ந்து போகும். அதையே ஜூஸாக, கரும்புச்சாறாக, ரோஸ்மில்க்காகக் குடித்தால் கணக்கே வேறு. குளிர்பானம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

சரி, சர்க்கரையே சேர்க்காமல், வீட்டிலேயே தானியம் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்த மாவு என்றால்? கடை டப்பாவைவிட எவ்வளவோ மேல். ஆனால் அங்கேயும் ஒரு சங்கதி இருக்கிறது. தானியம் முழுசாக இருக்கும்போது அதன் உமிக்கு உள்ளே இருக்கும் தவிட்டுப் படலமும் நாரும் மாவுச்சத்தைச் சுற்றி வைத்திருக்கும், செரிக்க நேரம் பிடிக்கும். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைசாக அரைத்து, தண்ணீராகக் கரைத்து, கொதிக்கவைத்துக் குடித்தால் அது சோற்றுக்குச் சளைக்காமல் சர்க்கரையை ஏற்றிவிடும். ராகி விஷயத்தில் இது நன்றாகவே தெரியும், சர்க்கரை நோயாளிகள் ராகிக் கஞ்சி குடித்துவிட்டு மீட்டரில் பார்த்து அதிர்ந்துபோய் வருவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அதற்காகச் சாப்பிடட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? கஞ்சியாக உறிஞ்சாமல் சின்ன உருண்டை களியாக, கீரைக் கடைசலோடோ கொள்ளுப் பருப்போடோ சாப்பிடலாம். கம்பை இடித்துக் கம்பஞ்சோறாக ஆக்கலாம். சாமை, வரகு வாங்கும்போது பளிச்சென்று வெள்ளையாக இருப்பதை எடுக்காமல் கொஞ்சம் மங்கலாகப் பழுப்பு ஓடியிருப்பதைக் கேட்டு வாங்கலாம், ஏனென்றால் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கிய சாமையில் தவிடு போய்விடும், பிறகு அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகிறது. மல்டிகிரெய்ன் என்று பேர் போட்ட பிஸ்கட்டைத் திருப்பிப் பாருங்கள், நிறையப் பாக்கெட்டில் முதல் பொருள் மைதாவாக இருக்கும்.

2025-ல் ஐசிஎம்ஆர்-இந்தியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின் உணவு பற்றிய பகுதி வெளியானது. நாடு முழுக்க எடுத்த கணக்கில், நாம் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதைவிட முக்கியமான ஒரு விஷயம் அதில் இருந்தது, அது உங்கள் கட்டுரைக்கு நேர் எதிரானது. வெள்ளை அரிசிக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ மாற்றிக்கொண்டு, மொத்த மாவுச்சத்தின் அளவைக் குறைக்காமல் விட்டால், சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அங்கே பயறு, பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வந்தால்தான் அபாயம் குறைகிறது. இது சர்க்கரை நோய்க்குப் பார்த்த ஆய்வு என்றாலும், ஃபேட்டி லிவரும் சர்க்கரையும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள், இரண்டுக்கும் வேர் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதுதான். ஆகவே எந்தத் தானியம் என்ற கேள்வி இரண்டாவது. எவ்வளவு தானியம் என்பதுதான் முதல் கேள்வி, அதை உங்கள் பக்கம் கேட்கவே இல்லை.

எவ்வளவு என்பதற்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் விடை இருக்கிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு பயறு முட்டை மீன் கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், காய்கறி கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் தயிர் 300 மில்லி, கொட்டை வகைகள் 35 கிராம். நம் வீட்டுச் சாப்பாட்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாம்பார் கரண்டியில் வருகிற பருப்பு எவ்வளவு? ஒரு ஸ்பூன் பொரியலைத் தொட்டுக்கொண்டு ஒரு தட்டுச் சோறு, அப்புறம் ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை. நான் வருகிறவர்களிடம் சொல்வது இவ்வளவுதான்: தட்டில் பாதி இடத்தைக் காய்க்கும் கீரைக்கும் விடுங்கள், கால் பங்கு சோறு அல்லது களி, கால் பங்கு கொள்ளுப் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டு சோற்றுக்கு வாருங்கள். அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய், முருங்கைக்கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, மத்தி மீன் எல்லாம் சந்தையில் கிடைப்பவை. ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் அவகேடோவும் இல்லாமலேயே கல்லீரல் சரியாகும். எங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதத்தில்கூட அரிசி பாதி, பருப்பு பாதி என்று போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் காய் வைத்தால் அருமையான சாப்பாடு.

இதைச் சொல்லும்போது ஒரு அம்மா கேட்டார், “பருப்பு விக்கிற விலையில அத்தனை போட முடியுங்களா?” நியாயமான கேள்வி. ரேஷனில் பெரும்பாலான அரிசி அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. துவரம் பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மேலே சொன்ன வழிகாட்டிப்படி கணக்குப் போட்டால் மாதத்துக்குத் தானியம் 30 கிலோ வேண்டும், புரதப் பொருட்கள் 10 கிலோவுக்கு மேல் வேண்டும். தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு கொடுக்கிறது, புரதத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கொடுக்கவில்லை. பசியைப் போக்கியது ரேஷன் அரிசி, அந்த நன்றி எப்போதும் உண்டு, எங்கள் வீடும் அதைச் சாப்பிட்டு வளர்ந்த வீடுதான். ஆனால் இன்று ஊருக்குள் சர்க்கரையும் தொப்பையும் பரவிக்கிடக்கும்போது அந்த 20-க்கு 1 என்ற கணக்கு அப்படியே தட்டில் வந்து உட்கார்ந்திருப்பதையும் பார்க்க வேண்டும். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். அதேபோல் அரிசியில் கொஞ்சத்துக்குப் பதிலாகக் கொள்ளோ தட்டைப்பயறோ பச்சைப்பயறோ கேட்பவர்களுக்குக் கொடுத்தால், எந்த சத்துமாவும் செய்யாத வேலையை அது செய்யும். உங்கள் பத்திரிகை இதைக் கையில் எடுத்து எழுதினால் நன்றாக இருக்கும்.

எடை குறைப்பது பற்றி ஒரு வரிகூட அந்தக் கட்டுரையில் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். ஃபேட்டி லிவருக்கு இன்றைக்கு நிரூபிக்கப்பட்ட வைத்தியங்களில் முதல் இடம் அதற்குத்தான். உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 சதவீதத்துக்கு மேல் போனால் கல்லீரல் வீக்கமும் குறையும். 10 சதவீதம் குறைந்தவர்களில் பலருக்கு கல்லீரலில் ஏற்கனவே விழுந்த தழும்பே பின்வாங்குகிறது. 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைத்தால் முதல் படி, 8 கிலோ குறைத்தால் பெரிய வெற்றி. ஒரே மாதத்தில் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்கக் கூடாது, மிக வேகமாக எடை இறங்கினால் கல்லீரலுக்கே கெடுதல், மாதத்துக்கு இரண்டு கிலோ போதும். ஒல்லியாக இருப்பவர்கள் எனக்கென்ன என்று நினைக்கக் கூடாது, நம் உடல்வாகுக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பதே போதும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. வாரத்துக்கு 150 நிமிடம் வேர்க்க வேர்க்க நடந்தால், எடை பெரிதாக இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு ஓரளவு குறையும். காபி பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி, சர்க்கரை போடாத காபி கல்லீரலுக்கு நல்லது என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டம்ளர் தாராளமாகக் குடிக்கலாம். சாராயம் வேண்டாம். கொஞ்சமாகக் குடிக்கலாமா, வாரத்துக்கு ஒருநாள் பரவாயில்லையா, பீர் மட்டும் என்றால் சரியா என்று கேட்பவர்களுக்கெல்லாம் என்னுடைய பதில் ஒன்றுதான், கல்லீரலில் கொழுப்பு இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, ஸ்கேனில் கிரேடு 1 என்று வந்ததும் சாதாரணம் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு, கிரேடு 2 என்றதும் உயிருக்கே ஆபத்து என்று தூக்கம் கெடுபவர்களும் உண்டு. அந்தக் கிரேடு சொல்வது கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைத்தான். உண்மையில் கவலைப்பட வேண்டியது தழும்பு இருக்கிறதா என்பது, அதை சாதாரண ஸ்கேன் ஆரம்பத்தில் காட்டாது. எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் தழும்பு இருக்கலாம். இதற்கு ஃபிப்-4 என்று எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் இந்த நாலும் தெரிந்தால் போதும், வயது தவிர மற்ற மூன்றும் எந்த லேபிலும் எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான், செல்போனிலேயே போட்டுப் பார்க்கலாம். 1.3-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பயமில்லை, அதற்கு மேல் வந்தால் தழும்பைக் கண்டறியும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், 2.67-ஐத் தாண்டினால் தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 60, பிளேட்லெட் 1,80,000 என்று வைத்துக்கொண்டால் 1.79 வருகிறது. இவர் கஞ்சி குடித்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது, அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த 1.3-ஐ 2 என்று எடுத்துக்கொள்வார்கள், 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு அவ்வளவு நம்பகமானதில்லை, அதெல்லாம் மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் அதிகம் பேர் இறப்பது கல்லீரலால் இல்லை, இதய நோயால். அதனால் கல்லீரலைக் காப்பாற்றுகிறேன் என்று சர்க்கரை மாத்திரையையும் கொலஸ்ட்ரால் மாத்திரையையும் சொந்தமாக நிறுத்துவதைப் போல ஆபத்து வேறு இல்லை. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கிற ஸ்டாட்டின் மாத்திரை ஃபேட்டி லிவர் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பானதுதான். மருந்தே கிடையாது என்று உங்கள் கட்டுரை சொன்னதும் இப்போது பழைய செய்தி. தழும்பு ஓரளவு ஏறியவர்களுக்கு ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரையை 2024 மார்ச்சிலும், செமாகுளுடைட் ஊசியை 2025 ஆகஸ்டிலும் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். இரண்டையும் உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றுதான் அந்த அனுமதியும் சொல்கிறது.

கீழாநெல்லி பற்றியும் கடைசியில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். நம் ஊரில் கல்லீரல் என்றாலே மஞ்சள் காமாலை, மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லி. 1988-ல் சென்னையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்த ஆய்வு லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழிலேயே வந்தது, பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது கிருமிக்குப் பார்த்தது, கொழுப்புக்கு இல்லை. இரண்டும் வேறு வேறு நோய். இதைவிட எனக்குப் பயமாக இருப்பது கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற கலப்புப் பொடிகள். அதில் என்னென்ன இருக்கிறது என்று முழுசாகப் போடுவதில்லை. சீந்தில் கொடியைத் தொடர்ந்து எடுத்துக் கல்லீரல் வீங்கியவர்கள் பற்றி கொரோனா காலத்தில் மும்பையிலிருந்து மருத்துவர்கள் எழுதினார்கள். கிரீன் டீயைச் செறிவாக்கி அடைத்த மாத்திரையாலும் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. சமையலில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சாறு சேர்த்து மாத்திரையாக அடைத்த மஞ்சள் வேறு. ஏற்கனவே சோர்ந்திருக்கும் கல்லீரலுக்கு இன்னும் ஒரு வேலையைக் கொடுக்காமல் இருப்பதே பெரிய உதவி.

ஒரு உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்க இந்த நாட்டில் அனுமதி கிடையாது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 2024 ஏப்ரலில், பாலில் கலக்கிக் குடிக்கிற மால்ட் பவுடர்களை ஹெல்த் டிரிங்க் என்ற தலைப்பின் கீழ் போட்டு விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது. அப்படியிருக்க, டப்பா மேல் கல்லீரல் படத்தையே போட்டுக்கொண்டு மாவு விற்பவர்களை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் ஓட்டலில் கெட்டுப்போன சிக்கனைக் கொட்டும் படம் வாரம் ஒருமுறை பேப்பரில் வருகிறது, அதே அக்கறையோடு மருந்துக்கடை அலமாரியிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் இந்த டப்பாக்களைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வாங்குபவர்களும் புகார் கொடுக்கலாம், டப்பாவின் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து, வாங்கிய பில்லோடு அனுப்பினால் போதும்.

அரசிடம் கேட்பது ஒன்று இருக்கிறது. ஃபேட்டி லிவரை மத்திய அரசு தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது 2021-ல். அதே வருடம் ஆகஸ்டில்தான் இங்கே மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற அந்தப் பெண்கள் கையில் ஒரு அளவு டேப்பும் கொடுத்து இடுப்பை அளந்து எழுதச் சொன்னால் செலவு என்ன ஆகிவிடும்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோயாளிக்கு ரத்தம் எடுக்கும்போதே அந்தப் பரிசோதனைகளையும் சேர்த்து எடுத்து ஃபிப்-4 போட்டுச் சீட்டில் எழுதிவிடலாம். உணவு ஆலோசகர் ஒருவர் வாரத்துக்கு ஒருநாள் வந்து உட்கார்ந்தால்கூடப் போதும், இன்றைக்கு அந்த நாற்காலி காலியாக இருப்பதால்தான் அங்கே மாவு வியாபாரி உட்கார்ந்திருக்கிறார்.

உங்களிடம் கேட்பது, வருகிற ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். சத்துமாவுக் கஞ்சி குடிப்பதாக இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் குடிக்க வேண்டாம், அந்த வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக, நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ சேர்க்காமல், மோர் கலந்து உப்புப் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ வைத்துக் குடிக்கட்டும் என்று போடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், திடீரென்று சோற்றைக் குறைத்து மாத்திரையை அப்படியே போட்டால் சுகர் இறங்கி மயக்கம் வரும். கட்டுரையைக் கிழித்து வைத்திருப்பவர்கள் திருத்தத்தையும் கிழித்து வைத்துக்கொள்ளும்படி, கண்ணில் படுகிற அளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டயட்டீஷியன்,
ஈரோடு மாவட்டம்.